இடம் குறிக்கும் முன்னே பாருங்கள்: திருகோணமலையில் துரித சுற்றாடல் மதிப்பீடு செய்து அதைத் தேசியத் திட்டத்துக்குள் கொண்டுபோவது எப்படி

சம்பூரில் இருந்தே தொடங்குகிறேன். அங்கே 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டுவதற்காக இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் 2011இல் கூட்டு நிறுவனம் ஒன்றை அமைத்தன. இடம் அதற்கு முன்பே முடிவாகியிருந்தது, சுற்றாடல் தாக்க மதிப்பீடு பிந்தித்தான் வந்தது. கொட்டியாரக் குடாவுக்குள் வெந்நீர் விட்டால் மீனுக்கு என்ன ஆகும், சாம்பலை எங்கே கொட்டுவது, போரில் இடம்பெயர்ந்த சனம் எங்கே திரும்பிக் குடியேறுவது என்ற கேள்விகள் பலமாக எழுந்த நேரத்தில் வேறு இடம் பார்க்கலாமே என்ற பேச்சுக்கு வழியே இருக்கவில்லை. கடைசியில் 2016 செப்டெம்பரில் திட்டத்தைக் கைவிடுவதாக அரசாங்கம் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. இப்போது அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் வேலை தொடக்கிவைக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றையும் இடம் குறிப்பதற்கு முன்பே, மொத்தம் இரண்டு மூன்று கிழமை வேலையில், பெரிய செலவில்லாமல் கேட்டிருக்கலாம். துரித சுற்றாடல் மதிப்பீடு என்பது அதுதான். பிரதேச செயலகத் திட்டமிடல் கிளையில் இருப்பவர்கள், சுற்றாடல் உத்தியோகத்தர்கள், மீனவர் சங்கங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்து மாணவர்கள் என்று யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய மாதிரி படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம்

இது சட்டப்படியான மதிப்பீட்டுக்கு மாற்று கிடையாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோதுதான் தாக்க மதிப்பீடு கட்டாயமானது. எந்தெந்தத் திட்டங்களுக்கு அது தேவை என்ற பட்டியல் 1993 ஜூனில் வர்த்தமானியில் வந்தது. ஒரு ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது, 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலத்தை நிரப்புவது, 99 அறைகளைத் தாண்டுகிற ஹோட்டல், 100 குடும்பங்களுக்கு மேல் மீள்குடியேற்றுவது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. முழு அறிக்கை என்றால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 வேலை நாட்கள் கொடுக்க வேண்டும்.

பட்டியலின் பலவீனமும் இதற்குள்ளேயே இருக்கிறது. நிலாவெளிக் கரையில் 60 அறை, 80 அறை ஹோட்டல்கள் பத்து அடுத்தடுத்து வந்தால், அறைக் கணக்கில் ஒன்றுமே எல்லையைத் தாண்டாது. ஆனால் மணலுக்குக் கீழே இருக்கிற நன்னீர் ஒன்றுதான், அத்தனை ஹோட்டலும் உறிஞ்சப் போவது அதைத்தான், பக்கத்தில் வெங்காயம் செய்கிற தோட்டக்காரருக்கும் அதே நீர்தான். தனித்தனித் திட்டமாகப் பார்க்கிற சட்டத்துக்கு இந்தக் கூட்டுத்தொகை கண்ணில் படாது. ஒரு பிரதேசம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கிற துரித மதிப்பீட்டுக்குப் படும். எனக்கு இதன் மேல் இவ்வளவு நம்பிக்கை வந்ததற்குக் காரணமே இதுதான்.

படி 1: நாட்காட்டியைப் பாருங்கள்

எப்போது முடிக்க வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் பாராளுமன்றத்துக்கு வருகிறது, அதற்கான முன்மொழிவுகளை அமைச்சுக்களும் மாவட்டச் செயலகங்களும் ஆண்டின் நடுப்பகுதியிலேயே திரட்டத் தொடங்கிவிடும். செப்டெம்பரில் நீங்கள் எவ்வளவு அருமையான அறிக்கை கொடுத்தாலும் அது அடுத்த வருடத்துக்குத்தான்.

ஆகவே களவேலையை இரண்டாகப் பிரியுங்கள். திருகோணமலைக்கு மழையின் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கிடைக்கிறது, அந்த மாரியில் ஒரு தடவை போய் நீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, முகத்துவாரம் வெட்டிக்கொண்டு திறந்திருக்கிறதா என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீதியைக் கச்சான் தொடங்குகிற காலத்தில், ஏப்ரல் மே மாதங்களில் பார்க்கலாம். ஓகஸ்டில் மட்டும் போய்ப் பார்த்தவருக்குக் காய்ந்த வெளியாகத் தெரிகிற நிலம், மார்கழியில் போனவருக்குக் குளமாகத் தெரியும். இந்த ஊரில் தவறான இடத்தில் எழும்பிய கட்டடங்கள் பல வறண்ட காலத்தில் பார்த்துக் குறித்தவை என்பது என் அபிப்பிராயம்.

படி 2: கேள்வியை மாற்றுங்கள்

"இந்தத் திட்டத்தால் பாதிப்பு உண்டா" என்று கேட்டால் "உண்டு, ஆனால் குறைக்கலாம்" என்ற பதில்தான் எப்போதும் வரும். "இதே தேவையை வேறு எங்கே, வேறு எப்படி நிறைவேற்றலாம்" என்று கேளுங்கள். குறைந்தது மூன்று தெரிவுகள் வேண்டும், அதில் ஒன்று எதுவுமே செய்யாமல் விடுவது.

ஒரு கற்பனை உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். மூதூர்ப் பக்கம் களப்பு ஒன்றின் வாயை ஊடறுத்து மீன்பிடிக் கிராமத்துக்கு ஒரு வீதி கேட்கிறார்கள். தெரிவு அ: மண் நிரப்பி நேரே வீதி. தெரிவு ஆ: அதே பாதை, ஆனால் நீரோட்டத்துக்குப் போதிய அகலத்தில் பாலம். தெரிவு இ: களப்பைச் சுற்றிப் பழைய பாதையை அகலப்படுத்துவது. தெரிவு ஈ: சும்மா விடுவது, அதாவது பிள்ளைகளும் நோயாளிகளும் இன்னமும் தோணியில் போவது. இதையும் மறைக்காமல் எழுத வேண்டும், ஒன்றும் செய்யாததற்கும் ஒரு விலை உண்டு.

படி 3: எல்லை போடுவது

பிரதேச செயலகப் பிரிவின் எல்லையை எடுத்துக்கொண்டு வேலை செய்தால் பாதி விஷயம் வெளியே போய்விடும். திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள், 230 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். ஆனால் நீர் அந்தக் கோடுகளை மதிப்பதில்லை. 335 கிலோமீட்டர் ஓடிவருகிற மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது, ஒரு கிளை வெருகல் பக்கம் போகிறது. மலைநாட்டில் கொட்டுகிற மழையும் மேலே அணைகளில் திறக்கிற கதவும் மூதூரிலும் வெருகலிலும் வீட்டு வாசலுக்கு வந்து சேரும். கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20இல் உடைந்தபோது சேதம் குளத்தடியோடு நிற்கவில்லை, கீழே வயலும் ஊரும் அள்ளுண்டு போயின.

எனவே மூன்று எல்லை வரையுங்கள்: திட்டம் நிற்கிற இடம், நீர் வந்து போகிற முழுப் பகுதி, அந்த இடத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள் வருகிற தூரம். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பருவத்துக்குத் தெற்கிலிருந்து வந்து வாடி போட்டுத் தொழில் செய்கிறவர்கள் உள்ளூர் வாக்காளர் இடாப்பில் இல்லை என்பதற்காக அவர்கள் இல்லாதவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

படி 4: வீட்டிலிருந்தே செய்யக்கூடியது

நாலைந்து நாள் போதும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தை அடித்தளமாக வையுங்கள். வரைபடம் போட கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். சென்டினல்-2 செய்மதிப் படங்கள் 10 மீற்றர் துல்லியத்தில் ஐந்து நாளுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கின்றன. மாரியில் முகில் மறைத்துவிடும், அப்போது சென்டினல்-1 ராடார் படத்தை எடுங்கள், அது முகிலை ஊடுருவி வெள்ளப் பரப்பைக் காட்டும். லான்ட்சாட் படங்களில் எண்பதுகள் வரைக்கும் பின்னோக்கிப் போகலாம், கண்டல் எவ்வளவு குறைந்திருக்கிறது, கரை எங்கே பின்வாங்கியிருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. செய்மதியிலிருந்து எடுத்த இலவச உயரத் தரவுகளில் பல மீற்றர் பிழை இருக்கும். கிண்ணியா, மூதூர் மாதிரித் தட்டையான கரையில் ஒரு மீற்றர்தான் வெள்ளம் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது. அங்கே அந்தத் தரவை நம்பி வெள்ள வரைபடம் போடாதீர்கள்; சுவரில் இருக்கிற வெள்ள அடையாளம் அதைவிட நம்பகமானது.

அதே வரைபடத்தில் சட்டக் கோடுகளையும் போடுங்கள். கரையோர வலயம் என்பது உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீட்டர். களப்பு, ஆற்றுவாய் உள்ள இடங்களில் அது உள்ளே இன்னும் நீளும். தேசிய ஒதுக்கத்தின் (தேசியப் பூங்காவும் அதில் ஒரு வகை) எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனசீவராசிகள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். அதைச் சுற்றி ஒரு மைல் வட்டம் போட்டுப் பாருங்கள், கரையில் எவ்வளவு இடம் அதற்குள் விழுகிறது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

படி 5: களத்தில் இறங்குவது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கூட்டம் போட்டு மண்டபத்தில் எல்லாரையும் உட்கார வைத்தால் சங்கத் தலைவர்கள் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நடந்துகொண்டே பேசுங்கள். கரைவலைக்காரர் வலை வளைக்கிற இடத்துக்கு விடியவே போங்கள், மட்டி பொறுக்குகிற பெண்களிடம் தனியாகப் பெண் ஒருவர் பேசட்டும், வயல்காரரை வாய்க்கால் கட்டில் வைத்துக் கேளுங்கள். "எங்கே" என்று கேட்டுக் கேட்டு அவர்கள் கையாலேயே வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள்: மீன் குஞ்சு பொரிக்கிற இடம், முகத்துவாரம் எப்போது தானாகத் திறக்கும், யானை எந்த வழியால் இறங்கும், எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும்.

ஒரு ஐயா "இந்தக் களப்பின் வாயை மூடினால் இறால் உள்ளே வராது" என்று சொன்னால் அது ஆதாரம்தான், ஆனால் ஒருவர் சொன்னது. ஒருவரையொருவர் கண்டிராத மூன்று பேர் வெவ்வேறு இடத்தில் அதையே சொன்னால் பலமான ஆதாரம். அறிக்கையில் இந்த வித்தியாசத்தை எழுதுங்கள்.

அளக்கவும் வேண்டும். கையடக்க மின்கடத்துதிறன் மானி ஒன்று இருந்தால் கிணறுகளின் உவர்த்தன்மையைச் சில நிமிடங்களில் பார்க்கலாம். கடல்நீர் ஏறத்தாழ 50,000 மைக்ரோசீமன்ஸ் காட்டும், நல்ல குடிநீர்க் கிணறு சில நூறுதான் காட்டும். கடற்கரையிலிருந்து உள்ளே போகிற ஒரு கோட்டில் கிணறுகளை வரிசையாக அளந்து, எந்த இடத்தில் எண் குத்தென ஏறுகிறது என்று பாருங்கள். குச்சவெளி, நிலாவெளி மாதிரி மணற்பாங்கான இடங்களில் இந்த ஒரு கோடு பத்துப் பக்கம் விளக்கத்துக்குச் சமம்.

எல்லாப் படத்துக்கும் இட ஆள்கூறும் திகதியும் வேண்டும். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் தூக்கி எறிந்துவிடும்.

படி 6: புள்ளி போடுவது

இங்கேதான் துரித மதிப்பீடுகள் பெரும்பாலும் சரிகின்றன. "ஓரளவு பாதிப்பு", "கணிசமான பாதிப்பு" என்று சொல் விளையாட்டாகிவிடும். கிறிஸ்டோபர் பாஸ்டாகியா 1998இல் முன்வைத்த துரித தாக்க மதிப்பீட்டு அட்டவணை இதற்கு நல்ல மருந்து, தாளும் பேனையும் போதும்.

ஒவ்வொரு தாக்கத்துக்கும் ஐந்து புள்ளிகள். முதலாவது முக்கியத்துவம், 0 முதல் 4 வரை: அந்த இடத்துக்கு மட்டும் என்றால் 1, அடுத்த அயலுக்கும் என்றால் 2, பிராந்திய அல்லது தேசிய அக்கறை 3, தேசிய அல்லது சர்வதேச அக்கறை 4. இரண்டாவது தாக்கத்தின் அளவு, -3 முதல் +3 வரை. பிறகு நிலைப்பு, மீளும் தன்மை, திரண்டு சேரும் தன்மை (மற்றத் தாக்கங்களோடு சேர்ந்து பெருகுவது) மூன்றுக்கும் 1 முதல் 3 வரை. முதல் இரண்டையும் பெருக்குங்கள், மற்ற மூன்றையும் கூட்டுங்கள், வந்த இரண்டையும் பெருக்குங்கள். விடை -108க்கும் +108க்கும் இடையில் இருக்கும். 10 முதல் 18 வரை சிறியது, 19 முதல் 35 வரை மிதமானது, 36 முதல் 71 வரை கணிசமானது, 72உம் அதற்கு மேலும் மிகப் பெரியது. கழித்தல் குறி வந்தால் அதே அளவு பாதகம்.

நம் வீதி உதாரணத்தில் தெரிவு அ: களப்பு வாயை நிரப்புவதால் நீரோட்டம் தடைப்படுகிறது. முக்கியத்துவம் 2, அளவு -3, நிலையானது 3, மீளாது 3, திரண்டு சேரும் 3. ஆகவே 2 × -3 × 9 = -54, கணிசமான பாதகம். தெரிவு ஆ, பாலத்தோடு: அளவு -1, நிலையானது 3, மீளக்கூடியது 2, திரளாது 2. ஆகவே 2 × -1 × 7 = -14, சிறிய பாதகம். ஊருக்குக் கிடைக்கிற போக்குவரத்து வசதி இரண்டு தெரிவிலும் ஒன்றுதான்: 2 × +2 × 7 = +28. பாலத்துக்கு ஆகிற மேலதிகச் செலவு எதற்காக என்பதற்கு நிதிப் பகுதிக்குக் கொடுக்க இப்போது ஒரு பதில் இருக்கிறது.

புள்ளிகளைத் தனியே ஒருவர் போடக்கூடாது. மீனவர் ஒருவர், பொறியியலாளர் ஒருவர், விவசாயி ஒருவர், சுகாதாரப் பகுதியில் ஒருவர் என்று தனித்தனியே போட்டு, பிறகு வித்தியாசம் எங்கே பெரிதாக இருக்கிறது என்று பாருங்கள். அந்த வித்தியாசத்தைச் சராசரி எடுத்து மறைக்காதீர்கள், அறிக்கையில் அப்படியே காட்டுங்கள்.

எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால் ஆசிய அபிவிருத்தி வங்கியின் துரித சுற்றாடல் மதிப்பீட்டுச் சரிபார்ப்புப் பட்டியல்கள் உதவும். வீதி, துறைமுகம், நீர்ப்பாசனம் என்று துறைவாரியாக வைத்திருக்கிறார்கள்.

படி 7: இரண்டு பக்கத்தில் எழுதுங்கள்

திட்டமிடல் அதிகாரியின் மேசையில் ஏற்கெனவே ஒரு மலை இருக்கிறது. முதல் பக்கத்தில் வரைபடம், தெரிவுகள், புள்ளிகள், உங்கள் பரிந்துரை. இரண்டாம் பக்கத்தில் நிபந்தனைகளும் அவற்றின் செலவும். "கண்டல்களைப் பாதுகாக்க வேண்டும்" என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். எத்தனை மீற்றர் அகலத் திறப்பு, எந்த மாதங்களில் மண் வேலை செய்யக்கூடாது, யார் கண்காணிப்பது, அதற்கு எவ்வளவு பணம் என்று எழுதினால் அதைத் திட்ட மதிப்பீட்டில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். மதிப்பீட்டில் வரியாக ஏறாத நிபந்தனை ஒப்பந்தக்காரரிடம் போய்ச் சேராது. மற்றதெல்லாம் பின்னிணைப்பு. தமிழிலும் சிங்களத்திலும் கொடுங்கள், கொழும்பில் படிக்க வேண்டியவர் படிக்கட்டும்.

படி 8: மேலே கொண்டுபோவது

பிரதேச ஒருங்கிணைப்புக் குழு, பிறகு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு. இரண்டிலும் கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும், வாய்ப்பேச்சு காற்றோடு போகும். மாவட்டச் செயலகத் திட்டமிடல் பணிப்பாளரிடம் கொடுத்து, தேசிய திட்டமிடல் திணைக்களத்துக்குப் போகிற திட்ட முன்மொழிவோடு அந்த இரண்டு பக்கத்தையும் இணைக்கச் சொல்லிக் கேளுங்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் பிரதி.

ஒரு கிராமத்து வீதி தேசியத் திட்டத்தை மாற்றுமா என்று கேட்கலாம். ஒன்று மாற்றாது. ஆனால் ஒரே முறையில், ஒரே புள்ளித் திட்டத்தில் 11 பிரிவுகளிலும் செய்தால் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். வட மாகாணத்துக்கு அப்படித்தான் செய்தார்கள்: மத்திய சுற்றாடல் அதிகார சபையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு செய்த ஒருங்கிணைந்த மூலோபாய சுற்றாடல் மதிப்பீடு, அதாவது தனித் திட்டமாக இல்லாமல் மாகாணம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கிற மதிப்பீடு, 2014இல் வெளிவந்தது. எந்தத் திணைக்களத்துக்கு எந்த நிலம் வேண்டும், எந்த நிலம் காடாகவும் நீரேந்தியாகவும் விடப்பட வேண்டும் என்று வரைபடங்களைப் பொருத்திப் பார்த்து மோதல் வருகிற இடங்களைக் கண்டார்கள். நம் குடாவைச் சுற்றி மட்டும் துறைமுகம், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள், மா ஆலை, சீமெந்து ஆலை, சுற்றுலா, மீன்பிடி, தம்பலகாமத்து வயல் என்று எத்தனை தேவைகள் ஒரே நீரை நோக்கி நிற்கின்றன! அவற்றை ஒரே தாளில் யாராவது அடுக்கித்தான் ஆக வேண்டும்.

அடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆழிப்பேரலைக்குப் பிந்திய எல்லைக்கோடு ஒரு பாடம். தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று ஒரே எண்ணால் கோடு போட்டார்கள். கோணேசர் மலைப் பாறையும் கிண்ணியா மணல் திட்டும் ஒரே கரையாகிவிட்டன. 2005 முடிவதற்குள் அந்தக் கோட்டைத் தளர்த்த வேண்டி வந்தது, அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் தற்காலிகக் கொட்டிலிலேயே காலம் கழித்தன. உயரம், மணல்மேடு, கண்டல், களப்பு வாய் என்ற நாலு விஷயத்தை ஒவ்வொரு கிராமத்திலும் பார்த்திருந்தாலே கோடு வளைந்து நெளிந்து சரியான இடத்தில் விழுந்திருக்கும்.

படி 9: விடாமல் பின்தொடர்வது

கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். என்ன முடிவெடுத்தார்கள், உங்கள் நிபந்தனைகளில் எவை ஒப்பந்தத்தில் ஏறின என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

வேலை தொடங்கிய பிறகு முதல் மாரியில் அதே இடங்களுக்குப் போய், அதே கோணத்தில் படம் எடுத்து, அதே கிணறுகளை அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதுங்கள். இரண்டு பத்தியும் உள்ள அந்த அட்டவணையை அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள்.